கப்பலேறாத பழம்

ஸ்பெயினின் திராட்சை ஊர்களை வார இறுதி விருந்தாளிகள் வாழவைக்கிறார்கள். நம் முந்திரிக்காட்டில் டன் கணக்கில் பழம் மண்ணோடு மண்ணாகிறது. விருத்தாசலம், மங்கலம்பேட்டைப் பக்கம் விருந்தாளிகளை அழைக்க நம்மிடம் என்ன இருக்கிறது?

வட ஸ்பெயினில் எப்ரோ ஆற்றுப் பக்கம் ஆரோ என்றொரு சிற்றூர். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து பில்பாவோ நகரத்தில் காரில் ஏறுகிற குடும்பம் இரவுச் சாப்பாட்டுக்கு அங்கே போய்ச் சேர்ந்துவிடும். சனிக்கிழமை காலையில் ரயில் நிலையத்தைச் சுற்றியிருக்கும் பழைய மது ஆலைகளுக்குப் போவார்கள். நிலத்தடி அறைகளில் அடுக்கியிருக்கும் ஓக் மரப் பீப்பாய்களுக்கு நடுவே நடப்பார்கள். இந்தப் பீப்பாய்க்கு எத்தனை வயது, அந்த மண்ணுக்கு என்ன நிறம், போன வருடம் மழை எப்படி என்று ஆலைக்காரர் சொல்லச் சொல்லக் கேட்பார்கள். மதியம் தோட்டத்தை ஒட்டியே சாப்பாடு. மாலையில் லொக்ரோனியோ நகரத்து லாரெல் தெருவில் கடை கடையாக ஏறி, ஒவ்வொரு கடையிலும் ஒரு வாய்ப் பலகாரம். மறுநாள் லாகுவார்தியா என்ற குன்றின்மேல் ஊர். அங்கே வீடுகளுக்கு அடியிலேயே பாதாள அறைகள் தோண்டி மது சேமித்திருக்கிறார்கள். அதையும் பார்த்துவிட்டு ஞாயிறு மாலை வீடு திரும்பினால், அந்தக் குடும்பம் செலவழித்ததில் பெரும்பகுதி திராட்சை விளையும் ஊர்களிலேயே தங்கிவிட்டிருக்கும்.

இந்தக் கூட்டம் விளம்பரத்தால் மட்டும் வந்ததல்ல. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிரான்ஸின் திராட்சைத் தோட்டங்களை ஃபிலோக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி அழித்தபோது, போர்தோ வணிகர்கள் சரக்கு தேடி ஆரோவுக்கு வந்தார்கள். பீப்பாய்களை ரயிலேற்ற வசதியாக நிலையத்தை ஒட்டியே ஆலைகள் எழுந்தன. இன்றைய பயணிகள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போய்ப் பார்ப்பது அந்தக் காலத்து ஆலைகளைத்தான். 1925-இல், இந்த ஊர்கள் அடங்கிய ரியோஹா என்ற வட்டாரப் பெயருக்குச் சட்டக் காப்பு கிடைத்தது. ஸ்பெயினின் உயர்தரத் தகுதியை 1991-இல் முதலில் பெற்றதும் இதே வட்டாரம். ஜூன் 29, புனித பேதுரு திருநாளன்று ஆரோவுக்கு வெளியே மலைப்பக்கம் வெள்ளை உடுப்போடு கூடி, ஒருவர்மேல் ஒருவர் சிவப்பு மதுவை ஊற்றிக்கொள்கிறார்கள். அதைப் பார்க்கவே வெளிநாடுகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

இந்த வட்டாரத்தைப் பற்றிப் படித்தபோது மதுவைவிட இரண்டு சின்ன விஷயங்கள்தான் என்னைப் பிடித்து நிறுத்தின. ஒன்று, அடுப்பு. திராட்சைக் கொடியைக் கவாத்து செய்யும்போது வெட்டிப் போடும் குச்சிகளைக் கட்டுக் கட்டாக உலர்த்தி வைத்து, அந்தத் தணலில்தான் ஆட்டுக்கறியைச் சுடுகிறார்கள். ரியோஹாவுக்குப் போனவர் சாப்பிடாமல் வராத பண்டம் அது. சாறு பிழிந்த பிறகு மிஞ்சும் தோலும் விதையும்கூட வேறொரு பானமாகிறது. மற்றொன்று, மண்பாண்டம். லொக்ரோனியோவுக்குப் பக்கத்தில் நவரேத்தே என்ற ஊர் தலைமுறை தலைமுறையாகக் குயவர்களின் ஊர். சந்தியாகோ திருத்தலத்துக்கு நடந்து போகும் யாத்ரீகர்களின் பாதையும் அந்த ஊர் வழியாகவே போகிறது. திராட்சை பார்க்க வந்தவர் அங்கே போய் ஒரு சாடியோ கிண்ணமோ வாங்காமல் திரும்புவதில்லை.

பழம் விளையும் ஊர், பக்கத்திலேயே மண் வனையும் ஊர், நடுவில் பழைய யாத்திரைப் பாதை. இந்த மூன்றையும் சேர்த்து யோசித்தபோது எனக்கு எங்கள் ஊர்ப் பக்கம்தான் கண்ணில் வந்தது. விருத்தாசலத்தில் பழமலைநாதர் கோயில். அதே ஊரில் செராமிக் தொழிற்பேட்டை. அங்கிருந்து உளுந்தூர்பேட்டை சாலையில் மங்கலம்பேட்டை வரை வந்தாலும், பண்ருட்டி சாலையில் போனாலும் செம்மண் மேட்டில் முந்திரித் தோப்புகள். ரியோஹாவில் விருந்தாளியை வரவைக்கும் எல்லாமே இங்கும் இருக்கின்றன. ஆனால் வார இறுதியில் இந்தச் சாலைகளில் ஒரு வண்டியும் நம் தோப்பைப் பார்க்க நிற்பதில்லை.

கம்பத்தில் கொஞ்ச நேரம்

தமிழ்நாட்டில் திராட்சைச் சுற்றுலா என்று சொன்னால் முதலில் வருவது கம்பம் பள்ளத்தாக்கு. சுருளிப்பட்டி, கூடலூர், காமயகவுண்டன்பட்டி, ஆனைமலையன்பட்டி என்று நீளும் ஊர்களில் கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, பந்தல் போட்டு வளர்க்கிறார்கள். தலைக்குமேல் கொத்துக் கொத்தாகக் கருநீலப் பழம். உலகம் மஸ்கட் ஹாம்பர்க் என்று அறிந்த இந்த ரகத்தை நாம் பன்னீர் திராட்சை என்கிறோம். பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தது என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். 2023-இல் ‘கம்பம் பன்னீர் திராட்சை’ புவிசார் குறியீடு பெற்றது.

ரியோஹாவுக்குக் கிடைக்காத ஒரு வரம் கம்பத்துக்கு இருக்கிறது. ஸ்பெயினில் குளிர்காலத்தில் கொடி உறங்கிவிடும். வருடத்துக்கு ஒரே அறுவடை, அதுவும் செப்டம்பர், அக்டோபரில். நம் வெயிலில் கொடி உறங்குவதே இல்லை. விவசாயி எப்போது கவாத்து செய்கிறாரோ அதற்கு ஏறக்குறைய நான்கு மாதம் கழித்துப் பழம் வருகிறது. ஒரு தோட்டத்தில் பூ, அடுத்த தோட்டத்தில் காய், அதற்கடுத்ததில் பழம் என்று வருடம் முழுக்க ஏதாவது ஒரு பந்தலில் அறுவடை நடந்துகொண்டே இருக்கும். 1895-இல் பெரியாறு அணை கட்டிமுடிந்து வைகைப் பக்கம் தண்ணீர் திரும்பியதிலிருந்து அந்தப் பள்ளத்தாக்குக்கு நீர்வளம். வருடம் முழுக்க விருந்தாளிகளை வரவேற்க இதைவிட நல்ல இடம் திராட்சை உலகத்தில் குறைவு.

விருந்தாளிகளும் வருகிறார்கள். குமுளி, தேக்கடி போகிற வழி அது. கேரளத்து வண்டிகள் நிறைய. பந்தலுக்குக் கீழே நின்று படமெடுத்து, கிலோ கணக்கில் பழம் வாங்கி, ஒரு டம்ளர் சாறு குடித்துவிட்டு ஏறிப் போகிறார்கள். இரவுத் தங்கல் தேக்கடியில். பழம் விளைந்த ஊரில் அவர்கள் செலவழிப்பது கொஞ்ச நேரமும் சில நூறு ரூபாயும்தான். அந்த நேரத்தில் கவாத்துக் கத்தியைப் பிடித்தவரோடு அவர்கள் பேசுவதில்லை. மழை பெய்தால் பழம் ஏன் வெடிக்கிறது, சாம்பல் நோய்க்கு எத்தனை முறை மருந்தடிக்க வேண்டியிருக்கிறது, சந்தையில் விலை சரிந்தால் அறுவடைக் கூலி கட்டுமா என்பதெல்லாம் அவர்கள் காதுக்குப் போவதில்லை. மகாராஷ்டிரம் 2001-இல் திராட்சை பதப்படுத்தும் கொள்கை ஒன்றைக் கொண்டுவந்தது. அதற்குப் பிந்தைய 20 ஆண்டுகளில் நாசிக் பக்கம் ஆலை, தங்குமிடம், சாப்பாடு, பழம் மிதிக்கும் விழா என்று இரண்டு நாள் தங்கவைக்கும் ஏற்பாடு வந்துவிட்டது. கம்பத்தில் அது வரவில்லை.

ஆனாலும் கம்பம் நமக்கு ஒரு முக்கியமான பாடம் சொல்கிறது. பன்னீர் திராட்சைக்குத் தோல் மெல்லியது. நீண்ட தூரம் அனுப்பினால் நசுங்கும், நாலு நாள் வைத்தால் வாடும். அந்தப் பலவீனம்தான் தேக்கடி வண்டியைப் பந்தலடியில் நிறுத்துகிறது. எல்லா ஊரிலும் ஒரே தரத்தில் கிடைக்கிற பொருளைப் பார்க்க யாரும் காரை எடுப்பதில்லை. எந்தப் பழம் பயணம் செய்ய முடியாததோ, அதைத் தேடித்தான் மனிதர்கள் பயணம் செய்து வரவேண்டும்.

அப்படிப் பார்த்தால், தமிழ்நாட்டிலேயே பயணத்துக்குக் கொஞ்சமும் தாங்காத பழம் எங்கள் பக்கத்தில்தான் விளைகிறது.

தரையில் கிடக்கும் டன்கள்

பங்குனி மாதம் அதிகாலையில் முந்திரித் தோப்புக்குள் போனால் சிவப்பும் மஞ்சளுமாகப் பழம் உதிர்ந்து கிடக்கும். பெண்கள் குனிந்து பொறுக்கி, கொட்டையை மட்டும் திருகி எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார்கள். பழம் அங்கேயே கிடக்கும். ஆடு மாடு தின்றது போக மிச்சம் வெயில் ஏற ஏறக் குழைந்து, மாலைக்குள் புளித்த வாடை அடிக்கத் தொடங்கும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்பார்கள். சட்டையில் சாறு பட்டால் கறை போகாது என்று அம்மாக்கள் திட்டுவார்கள். சாலையோரத்தில் சில பாட்டிகள் கூறு போட்டு விற்பார்கள். அந்தப் பழத்துக்கு நாம் கொடுத்திருக்கும் மரியாதை அவ்வளவுதான்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் மனம் கலங்குகிறது. முந்திரிப் பழத்தின் எடை கொட்டையைப் போல ஆறு முதல் பத்து மடங்கு. ஒரு ஏக்கரில் 300 கிலோ கொட்டை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கூடவே 1,800 முதல் 3,000 கிலோ வரை பழம் விளைந்திருக்கிறது. எடையில் பாதி சாறாக வந்தாலும் ஏக்கருக்கு 900 லிட்டருக்குக் குறையாது. ஆரஞ்சைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு வைட்டமின் சி உள்ள சாறு அது. உரம் போட்டு, மருந்தடித்து, தை மாதப் பூவைப் பனியிலிருந்து காத்து வளர்த்த விளைச்சலில் பெரும்பகுதியை நாமே வருடா வருடம் மண்ணில் போட்டு மிதிக்கிறோம்.

இதைப் பற்றி யாரைக் கேட்டாலும், “பழத்த வச்சி என்னா பண்றது?” என்ற கேள்விதான் பதிலாக வரும். நியாயமான கேள்விதான். திராட்சையாவது நாலு நாள் தாங்கும். முந்திரிப் பழம் ஒரு நாள்கூடத் தாங்காது. தோல் மெல்லியது, விழுந்த வேகத்திலேயே அடிபடும், அடிபட்ட இடத்தில் உடனே நொதிக்கும். கூடை மாற்றிக் கூடை கொட்டினால் சாறாகிவிடும். கோயம்பேட்டுக்கு லாரியில் ஏற்ற முடியாது. குளிர்பதனக் கிடங்கில் வைத்தாலும் அதிக நாள் நிற்காது. அதனால்தான் சென்னையில் பிறந்து வளர்ந்த ஒருவர் கிலோ கணக்கில் முந்திரிப் பருப்பு தின்றிருந்தும் முந்திரிப் பழத்தைக் கையால் தொட்டிருக்க மாட்டார்.

என்னுடைய பெரிய கவலை இதற்குள்ளேதான் இருக்கிறது. கொட்டை காய்ந்தால் மாதக் கணக்கில் தாங்கும், மூட்டை கட்டினால் கடல் தாண்டும். பண்ருட்டி வட்டாரத்து முந்திரி ஆலைகளுக்கு மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொட்டை வந்து இறங்குவது ஊருக்கே தெரியும். நம் பெண்கள் தோல் எண்ணெய் பட்டுக் கை பொத்துப்போக உடைக்கும் கொட்டையில் எவ்வளவு நம் தோப்பில் விழுந்தது, எவ்வளவு கப்பலில் வந்தது என்று பருப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. தோப்பு என்பது கொட்டைக்காக மட்டும்தான் என்று நாம் நினைத்தால், கப்பலில் கொட்டை வரத் தொடங்கிய நாளிலேயே தோப்புக்குத் தேவை குறைந்துவிட்டது. பிறகு ஒவ்வொரு விவசாயிக்கும் தோன்றுவது ஒன்றுதான். மரம் கிழடாகிவிட்டது, வெட்டிவிட்டுத் தைலமரம் வைக்கலாமா, மனை போட்டு விற்கலாமா?

2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கடலூர் கரையைக் கடந்தபோது, பல தலைமுறை வளர்த்த முந்திரியும் பலாவும் ஒரே நாளில் சாய்ந்தன. கடன் வாங்கி ஒட்டுக்கன்று நட்டுப் பல குடும்பங்கள் மறுபடியும் தோப்பைத் தூக்கி நிறுத்தின. விருத்தாசலத்தில் இருக்கும் மண்டல ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வி.ஆர்.ஐ. 3 போன்ற ரகங்கள் நாட்டின் பல பகுதிகளில் அறியப்பட்டவை. புயல் வீழ்த்திய தோப்பை மீட்ட மக்கள், விலை வீழ்ச்சியால் அதைக் கைவிடக் கூடாது. கொட்டைக்கு ஆப்பிரிக்கா போட்டிக்கு வரும். பழத்துக்கு யாரும் போட்டிக்கு வர முடியாது. அது கப்பலேறாது. எங்கள் தோப்பை உலகத்தின் மற்றத் தோப்புகளிலிருந்து பிரித்துக் காட்டக்கூடிய ஒரே விளைச்சல் அதுதான்.

சாராயம் வேண்டாம், சாறு போதும்

முந்திரிப் பழத்தைச் சுற்றுலாவாக்கிய மாநிலம் கோவா. பிரேசில் மண்ணின் மரமான முந்திரியைப் போர்ச்சுகீசியர் 16-ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து நட்ட இடம். அங்கே பழம் பறிப்பதில்லை. தானாகப் பழுத்து விழுந்ததை மட்டுமே பொறுக்குகிறார்கள். கல்தொட்டியில் மிதித்தோ எந்திரத்தில் பிழிந்தோ எடுக்கும் புதுச் சாற்றை அப்படியே குடிக்கலாம். அதற்கு நீரோ என்று பெயர். நொதிக்கவைத்து ஒருமுறை வடித்தால் உர்ராக், மேலும் வடித்தால் ஃபெனி. 2009-இல் ஃபெனி புவிசார் குறியீடு பெற்றது. 2016-இல் கோவா அரசு அதைத் தன் பாரம்பரியப் பானமாக அறிவித்தது. மார்ச், ஏப்ரல் வந்தால் கடற்கரையை விட்டுவிட்டு மலையடிவாரத் தோப்புக்கும் வடிசாலைக்கும் பயணிகள் வருகிறார்கள்.

அதையே இங்கும் செய்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கேரளம் 2022-இல் பழங்களிலிருந்து குறைந்த போதையுள்ள மது தயாரிக்க விதிகள் கொண்டுவந்ததை அவர்கள் எடுத்துக்காட்டுவார்கள். காசு அதில் அதிகம் என்பதும் பொய்யல்ல.

ஆனால் நான் எழுதுவது மங்கலம்பேட்டையிலிருந்து. சாலையில் வடக்கே போனால் உளுந்தூர்பேட்டை, அது கள்ளக்குறிச்சி மாவட்டம். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். தகப்பனையும் தாயையும் ஒரே நாளில் இழந்த பிள்ளைகளைப் பார்த்த மண் இது. முந்திரிக்காட்டுக்குள் ஊறல் போட்ட காலத்தையும், குடித்துவிட்டு வந்த புருஷனுக்குப் பயந்து இரவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடிய காலத்தையும் எங்கள் பெண்கள் மறக்கவில்லை. கொட்டை பொறுக்குவதும் அவர்கள்தான், உடைப்பதும் அவர்கள்தான். அவர்களுக்கு வருமானம் வரவேண்டும் என்று தொடங்குகிற ஒரு வேலை அவர்கள் வீட்டுக்கே சாராயத்தைக் கொண்டுவந்து சேர்க்கக் கூடாது. இதில் எனக்குச் சமரசம் இல்லை.

நமக்கு வழிகாட்டக்கூடியது முந்திரியின் தாய்வீட்டிலேயே இருக்கிறது. பிரேசிலின் வடகிழக்கில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மருந்தாளுநர் ஒருவர் தன் மக்களைக் குடிப்பழக்கத்திலிருந்து மீட்க வழி தேடினார். முந்திரிப் பழச் சாற்றைப் போதையில்லாத பானமாகப் பக்குவப்படுத்தினார். அதன் பெயர் கஜுயினா. சாற்றிலிருந்து துவர்ப்பைப் பிரித்துப் படியவிட்டு, துணியில் வடிகட்டி, பாட்டிலில் அடைத்து, பாட்டிலோடு வெந்நீரில் நெடுநேரம் வேகவைக்கிறார்கள். சாற்றில் உள்ள சர்க்கரை அந்தச் சூட்டில் நிறம் மாறி, தெளிந்த தேன் நிறத்தில் பானம் கிடைக்கிறது. நொதிக்காது, பல மாதம் கெடாது. பியாவி மாநிலத்தில் வீட்டுக்கு வீடு இதைச் செய்கிறார்கள். கல்யாணத்துக்கும் விருந்தாளிக்கும் கொடுப்பது இதைத்தான். 2014-இல் பிரேசில் அரசு கஜுயினா செய்யும் மரபைத் தேசியப் பண்பாட்டுச் செல்வமாகப் பதிவுசெய்தது.

குடியை எதிர்த்து ஒருவர் கண்டுபிடித்த பானம் ஒரு வட்டாரத்தின் அடையாளமாகிவிட்டது. கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நாம் பின்பற்ற வேண்டியது இந்த வழியைத்தான்.

தொழில்நுட்பம் எட்டாத உயரத்தில் இல்லை. முந்திரிப் பழம் தொண்டையைப் பிடிப்பது அதில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளால். ஜவ்வரிசியைக் கஞ்சியாகக் காய்ச்சிச் சாற்றில் கலந்து வைத்தால் துவர்ப்பு அதோடு சேர்ந்து அடியில் படியும், மேலே தெளிந்த சாறு நிற்கும். பழத்தை உப்புத் தண்ணீரோடு ஆவியில் வேகவைத்தால் கரகரப்பு அடங்கி, ஊறுகாய்க்கும் மிட்டாய்க்கும் தயாராகிவிடும். நம் வேளாண் ஆராய்ச்சியாளர்கள் வெகுகாலமாகச் சொல்லிவரும் முறைகள் இவை. சேலத்தில் ஜவ்வரிசி, எங்கள் தோப்பில் பழம், ஊருக்கு ஊர் மகளிர் குழுக்கள். எல்லாம் தனித்தனியே இருக்கின்றன. சேர்க்கும் கை மட்டும் இல்லை.

மண்ணும் பழமும்

நவரேத்தேயில் வனையும் கிண்ணத்தை ரியோஹாவின் விருந்தாளி வாங்குகிறார் என்று சொன்னேன். விருத்தாசலத்தில் பொம்மை, அகல்விளக்கு, குவளை, மின்சாரத்துக்கான பீங்கான் பொருள்கள் என்று அத்தனையும் செய்யும் கைகள் இருக்கின்றன. நெய்வேலி சுரங்கத்தில் கிடைக்கும் களிமண் அந்தத் தொழிலுக்கு ஆதாரம். அதைக் கற்றுக்கொடுக்கும் பயிற்சி நிலையமும் ஊரிலேயே உண்டு. கார்த்திகை வந்தால் விருத்தாசலத்து விளக்குகளைத் தேடி வியாபாரிகள் வருவார்கள். மற்ற மாதங்களில் அந்தச் சூளைகளைப் பார்க்க வெளியூர்க்காரர் எவரும் வருவதில்லை.

முந்திரிச் சாற்றை விருத்தாசலத்துக் குவளையில் ஊற்றிக் கொடுங்கள். குடித்தவர் குவளையையும் வாங்கிக்கொண்டு போவார். இரண்டு தொழில்களில் எது முதலில் நிமிர்ந்தாலும் மற்றதையும் கூடத் தூக்கிவிடும். பழமலைநாதர் கோயிலுக்கு வருடம் முழுக்க வெளியூர் பக்தர்கள் வருகிறார்கள், மாசி மகத்துக்குக் கூட்டம் அலைமோதும். முந்திரிப் பழம் வரத் தொடங்குவதும் ஏறக்குறைய அப்போதுதான். சாமி கும்பிட்டுவிட்டு நேராகப் பேருந்து நிலையத்துக்குப் போகிறவர்களிடம், “இன்னும் ஒரு பகல் இருந்துவிட்டுப் போங்கள்” என்று சொல்ல நம்மிடம் காரணம் இருக்கிறது. சொல்வதற்குத்தான் ஆள் இல்லை.

பங்குனியில் இரண்டு நாள்: ஒரு பயணத் திட்டம்

சனிக்கிழமை காலை: சென்னை, திருச்சி, சேலம், கடலூர் நான்கு திசை ரயில்களும் சேரும் சந்திப்பு விருத்தாசலம். இறங்கியதும் மணிமுத்தாற்றங்கரையில் பழமலைநாதர் கோயில். செம்பியன் மாதேவி கற்றளியாக எடுப்பித்த தலம்.

சனிக்கிழமை மதியம்: பச்சை முந்திரிப் பருப்புக் குழம்போடு சாப்பாடு. காயிலிருந்து அப்போதுதான் எடுத்த பருப்பின் ருசி, பாக்கெட்டில் வரும் காய்ந்த பருப்பில் கிடைக்காது.

சனிக்கிழமை மாலை: வெயில் தாழ்ந்ததும் செராமிக் கூடங்கள். களிமண் அரைப்பது முதல் சூளை வரை பார்க்கலாம். பிள்ளைகள் தாங்களே ஒரு குவளை செய்து பார்க்கலாம்.

ஞாயிறு விடியல்: மங்கலம்பேட்டைப் பக்கத்துத் தோப்பு. பொழுது விடியும் முன்னே போய்விட வேண்டும். எங்கள் ஊர் வெயில் ஒன்பது மணிக்குமேல் விருந்தாளியைத் தாங்கவிடாது. பழம் பொறுக்கி, கொட்டை திருகி, சாறு பிழிந்து, ஜவ்வரிசிக் கஞ்சி கலந்து, தெளிந்ததும் குடிக்கலாம்.

ஞாயிறு பிற்பகல்: பண்ருட்டிச் சாலையில் பலா மண்டிகள். பங்குனியில் முதல் பழங்கள் வரத் தொடங்கியிருக்கும், சித்திரை, வைகாசியில் போனால் குவியல் குவியலாகப் பார்க்கலாம். அங்கிருந்து வீட்டுக்கு.

முதலில் செய்ய வேண்டியது

இந்தத் திட்டத்தைப் படித்துவிட்டு நாளைக்கே யாராவது ரயிலேறினால் ஏமாந்து போவார்கள். கோயிலும் தோப்பும் பலா மண்டியும் இருக்கும். சாறு பிழிந்து தர ஆள் இருக்காது. சுற்றுலா என்றதும் பெரிய விடுதியும் வளைவும் பலகையும் கட்டுவதில் தொடங்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. வந்த விருந்தாளி குப்பையைத்தான் விட்டுப்போவார், நிலத்தின் விலையைத்தான் ஏற்றிவிடுவார் என்று பயப்படுகிறவர்கள் சொல்வதற்கும் அதனால்தான் இடம் கிடைக்கிறது. ஆரோவில் வரிசை தலைகீழ். முதலில் ஆலை வந்தது. அங்கே விளைந்ததெல்லாம் சரக்கானது. விருந்தாளி அதற்குப் பிறகே வந்தார். நம் ஊரில் விளைச்சலில் பெரும்பங்கு அழுகிக் கிடக்கும்போது விருந்தாளிக்கு எதைக் காட்டுவது?

ஆகவே நான் கேட்பது விடுதி அல்ல. தோப்புகளுக்கு நடுவில், விழுந்த பழம் அடுத்த சில மணி நேரத்துக்குள் வந்துசேரும் தூரத்தில், ஒரு சாறு பிழியும் கூடம். ஒரு பிழியும் எந்திரம், எவர்சில்வர் பாத்திரங்கள், பாட்டில் வேகவைக்கும் தொட்டி, நல்ல தண்ணீர், உணவுப் பாதுகாப்பு உரிமம். நடத்துவது கொட்டை பொறுக்கும் பெண்களின் குழுவாக இருக்க வேண்டும். பழத்துக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று ஒரு விலை வைத்தாக வேண்டும், அது எவ்வளவு சின்ன விலையானாலும் சரி. ஏனென்றால், விலை வைத்த பிறகு எந்த விவசாயியும் அந்தப் பழத்தைக் காலால் தள்ள மாட்டார். கொட்டை பொறுக்கும் அதே குனிதலில் பழத்தையும் கூடையில் போட்டால் அந்தப் பெண்களுக்கும் இரண்டாவது கூலி கிடைக்கும்.

அந்தக் கூடம் ஒரு பருவம் ஒழுங்காக ஓடட்டும். பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளே முதல் விருந்தாளிகளாக வரட்டும். முந்திரிக்காட்டுக்கு நடுவில் வளர்ந்தும் அந்தப் பழச்சாற்றை ஒரு டம்ளர்கூடக் குடிக்காத பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் குடித்துப் பழகினால், பாட்டில் சோடாவுக்குப் போகிற காசில் கொஞ்சம் தோப்புக்குத் திரும்பும். அடுத்த பருவத்தில் கோயிலுக்கு வரும் பக்தர் வருவார். அதற்கடுத்து சென்னையிலிருந்து காரில் வருவார்கள். அதற்குள் தங்க நாலு வீடும், சமைக்க நாலு கையும் ஊரிலேயே தயாராகிவிடும்.

தையில் முந்திரி பூக்கும். பூவுக்கும் பழத்துக்கும் நடுவில் கிடைப்பது இரண்டு மாதம். ஒரு கூடத்துக்கு இடம் பார்க்க, ஒரு எந்திரம் வாங்க, இருபது பெண்களுக்குப் பயிற்சி கொடுக்க அது போதும். அடுத்த பூ வரும்போதாவது மங்கலம்பேட்டைப் பக்கத்தில் ஒரு ஊர் அதைத் தொடங்கட்டும். எந்த ஊர் முதலில் தொடங்குகிறதோ, அந்த ஊரின் பெயரில்தான் நாளைக்கு இந்தச் சாறு அறியப்படும்.